சிவப்புச் சுவர்

மாவட்டத்திலேயே கடைசி வகுப்பு எது என்ற அறிவிப்பு வந்த காலையில், அந்த வகுப்பின் ஆசிரியை செண்பகவல்லி எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்கு வந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளையம்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு, கணக்கு. தலைமையாசிரியர் சவரிமுத்து கைப்பேசியை நீட்டினார். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார்.

“கடைசியா சார்?”

“கடைசிதான் டீச்சர். நமக்கு முன்னால நிக்கிற ஸ்கூலே நம்மள விட்டு ரொம்ப தூரத்துல இருக்கு.”

சவரிமுத்து நல்ல மனிதர். ஆறுதல் சொல்லத்தான் வராது.

செண்பகவல்லிக்குத் தன் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் திமிர் உண்டு. ஊரறிந்த திமிர். பஸ் கண்டக்டர் அவரிடம் படித்தவர், பாங்கு மேனேஜர் அவரிடம் படித்தவர், மேனேஜரைத் திட்டுகிற மனைவியும் அவரிடம் படித்தவர். “எங்க பிள்ளைங்க இருக்காங்களே” என்று அவர் வாயைத் திறந்தால், எதிரே நிற்கிறவர் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். இந்த வருடத்துப் பிள்ளைகள் மேல் இன்னும் ஒரு படி அதிகப் பிரியம். அடுத்த வருடம் இவர்களோடு பத்தாம் வகுப்புக்குத் தானும் போக வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

அந்த வகுப்பில் ஒரு பழக்கம் இருந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பாடம் முடிந்ததும் ஆசிரியர் “புரிஞ்சுதா?” என்று கேட்பார், பிள்ளைகள் “புரிஞ்சுதூ” என்று ராகம் போடுவார்கள். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது மாதிரி அது ஒரு மரியாதை. புரிந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செண்பகவல்லியும் அந்த ராகத்தில் மயங்கியவர்தான். முதல் பரீட்சைத் தாளைத் திருத்தியதும் மயக்கம் தெளிந்துவிட்டது. அதன் பிறகு அவர் கேள்வியை மாற்றிக்கொண்டார். உனக்குப் புரிந்ததா என்று யாரையும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவருக்குப் புரிந்ததா என்றுதான் கேட்பார்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. தனக்குப் புரிந்ததென்று கூசாமல் பொய் சொல்கிற பிள்ளை, பக்கத்துப் பிள்ளைக்காகப் பதில் சொல்வதற்கு முன் திரும்பி அதன் முகத்தைப் பார்க்கும். நோட்டை எட்டிப் பார்க்கும். “இல்ல டீச்சர், இவனுக்கு மூணாவது வரியிலயே போச்சு” என்று சொல்லும். சொன்ன பிள்ளையே அந்த மூன்றாவது வரியை விளக்கவும் வேண்டும். யார் பக்கத்தில் யார் என்பதை வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார். சேர்ந்த புதிதில் பிள்ளைகள் சிரிப்பார்கள். தீபாவளி வருவதற்குள் பழகிவிடும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வகுப்புக்குள்தான் பள்ளி திறந்த ஜூன் மாதம் ‘தெளிவு’ வந்து சேர்ந்தது.

வகுப்பில் பொத்தான் அழுத்திப் பதில் சொல்லும் கருவிகள் அதற்கு முன்பும் உண்டு. சுவர்த் திரையில் கேள்வி வரும், நான்கு விடை வரும், பிள்ளைகள் கையிலிருக்கும் கருவியில் ஒன்றை அழுத்துவார்கள், எத்தனை பேர் சரி என்று திரை சொல்லும். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. வாயே திறக்காதவன்கூடப் பொத்தானை அழுத்தினான். கெட்டிக்காரன் கட்டைவிரல் எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து அழுத்தினான் என்பது வேறு விஷயம். அந்த வேறு விஷயத்துக்காகத்தான் புதிய கருவி வந்தது. அதைப் பொருத்த வந்த தெளிவு மையத்தின் அதிகாரி நந்தகோபால், சின்ன வயதுக்காரர், பேச்சில் பளிச்சென்று இருந்தார்.

“இதுலயும் பொத்தான் இருக்கு டீச்சர். ஆனா விஷயம் அது இல்ல. கட்டைவிரல் இந்தக் குழியில இருக்கணும். நாடி, வியர்வை, நடுக்கம் எல்லாத்தையும் படிக்கும். ஒரு விஷயம் புரிஞ்சா உடம்பு தன்னால ஒரு மூச்சு விடும், பாத்திருப்பீங்க. அதைப் பிடிச்சிடும். தெளிஞ்சா பச்சை. தடுமாறினா மஞ்சள். தெளியலைன்னா சிவப்பு.”

“பயந்தா?”

“பயத்துக்கு நாடி வேற மாதிரி போகும். அதைக் கழிச்சிடுவோம். மனசுல ஒரு கேள்வி முடியாம நிக்குதா, முடிஞ்சிடுச்சா, அவ்வளவுதான் இதுக்கு வேணும். நடிக்க முடியாது.”

சோப்புக்கட்டி அளவில் வெள்ளையாக இருந்ததால் பிள்ளைகள் அதற்கு சோப்பு என்று பேர் வைத்தார்கள். காலையில் வரிசையில் வந்து ஆளுக்கொரு சோப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவர்த் திரையில் வகுப்பு உட்கார்ந்திருக்கிற மாதிரியே வட்ட வட்டமாக விளக்குகள் எரிந்தன, ஆளுக்கு ஒன்று. மேலே ‘புரிந்ததா?’ என்று ஒரு வரி நின்றது.

அதோடு ஒரு விதியும் வந்தது. வகுப்பில் பெரும்பகுதி பச்சையானால் ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட வேண்டும். தொடர்ந்து சிவப்பிலேயே இருக்கும் பிள்ளையைத் தனியறைக்கு மாற்றிவிடுவார்கள். பழைய சைக்கிள் ஷெட்டை அடைத்துக் குளிர்சாதனம் போட்டுக் கட்டிய அறை அது. ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு திரை, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. திரை ஒரே விஷயத்தை ஆயிரம் தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லும். திட்டாது, குட்டாது. யாரும் யாரையும் பார்த்து உட்கார முடியாது, அது ஒன்றுதான் குறை.

ஒன்பது ‘ஆ’ பிரிவின் ஜெயசீலன் சார் பொங்கலுக்குள் கால்வாசி வகுப்பைத் தனியறைக்கு அனுப்பியிருந்தார். மிச்சமிருந்த வகுப்பு நாற்றங்கால் மாதிரி பச்சைப்பசேல் என்று எரிந்தது. சார் தினமும் அதைப் படம் பிடித்து ஆசிரியர் குழுவில் போட்டார்.

செண்பகவல்லியின் சுவர் மட்டும் சிவப்பாகவே கிடந்தது. மொத்த வகுப்பையும் தனியறைக்கு அனுப்ப முடியாது என்பதால் யாரும் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால் பிள்ளைகள் பொத்தானில் அழுத்திய விடை பெரும்பாலும் சரியாக இருந்தது. பரீட்சையில் மதிப்பெண்ணும் மோசமில்லை. விளக்குதான் மாற மாட்டேன் என்றது. பாடம் முடிந்து, கேள்வி முடிந்து, சில நாள் பீரியடும் முடியப்போகும் நேரத்தில் திடீரென்று மொத்த வகுப்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகும். அதற்குள் மணி அடித்துவிடும். சில நாள் அதுவும் ஆகாது. டீச்சர் அந்தச் சுவரைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்று பாடம் நடத்தினார்.

தெளிவுப் பட்டியலில் கடைசி என்ற அறிவிப்பு வந்த அன்று மதியமே நந்தகோபால் காரில் வந்து இறங்கினார். தலைமையாசிரியர் அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

“முதல்ல காப்பியடிக்கிறாங்கன்னு நெனச்சேன் டீச்சர். விடை சரி, விரல் சிவப்பு. வேற என்னவா இருக்க முடியும்?”

“எங்க பிள்ளைங்க காப்பியடிக்க மாட்டாங்க சார்.”

“அதுவும் சரிதான், காப்பியடிச்சா அந்தப் படபடப்பு நாடியில தெரிஞ்சிடும். அதனால வருஷம் பூரா வந்த பதிவை எல்லாம் போட்டுப் பார்த்தேன். இதைப் பாருங்க.” மடிக்கணினியைத் திருப்பினார். வகுப்பின் விளக்குகள் வேக வேகமாக ஓடின. “உங்க வகுப்புல ஒரே ஒரு பிள்ளைதான் பிரச்சினை. அவ சிவப்பா இருக்கிற வரைக்கும் எல்லாரும் சிவப்பு. அவ பச்சையான மறுநிமிஷம் பக்கத்துல இருக்கிறவங்க பச்சை. அங்கிருந்து அப்படியே பரவுது. எந்த இடத்துல அவளை உட்கார வச்சாலும் இதுதான்.”

“யாரு?” என்று கேட்டார் டீச்சர், கேட்கத் தேவையே இல்லாமல்.

“ராஜகனி.”

ராஜகனியின் அம்மா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவர். பிள்ளை படு சாது. ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் இறங்க அவளுக்கு நேரம் வேண்டும். ஒருமுறை சொன்னால் புரியாது, மூன்று முறை சொன்னாலும் சந்தேகம்தான். அவளுக்குள் பெரிய மேதை ஒளிந்திருக்கிறாள் என்றெல்லாம் டீச்சர் தன்னை ஏமாற்றிக்கொண்டதில்லை. ஆனால் அவளிடம் ஒரு குணம் இருந்தது. புரியாததைப் புரிந்த மாதிரி தாண்டிப் போக அவளுக்குத் தெரியாது.

வருட ஆரம்பத்தில் ஒரு நாள் எழுந்து நின்று கேட்டாள். “கழித்தலைக் கழித்தலால பெருக்கினா எப்படி டீச்சர் கூட்டல் வரும்? ரெண்டு கெட்டது சேந்தா நல்லதாயிருமா?” வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டே விதியைச் சொன்னார். “விதி தெரியும் டீச்சர். ஏன்னுதான் தெரியல” என்றாள் அவள். டீச்சருக்குச் சுரீரென்றது. இத்தனை வருடமாகத் தனக்கும் அது ஏனென்று தெரியாது என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்கே தெரிந்தது.

இரண்டு நாள் அதே நினைவாக இருந்து, பஸ்ஸில் வரும்போது ஒரு வழி கண்டுபிடித்தார். நிமிடத்துக்கு மூன்று செம்பு ஒழுகுகிற தொட்டி. இரண்டு நிமிடத்துக்கு முன்னால் அதில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும்? ஆறு செம்பு கூடுதலாக. ராஜகனியின் முகம் மலர்ந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்த வகுப்பும் மலர்ந்தது. அன்றைக்குச் சுவர் முழுக்கப் பச்சை. ஆனால் இரண்டு நாள் தாமதம் என்று தெளிவு மையம் குறித்துக்கொண்டது.

“நாளைக்கு ஒரு சோதனை வைக்கலாம்” என்றார் நந்தகோபால். “புதுப் பாடம் எடுங்க. அந்தப் பொண்ணு வெளியில இருக்கட்டும். வகுப்பு பச்சையாச்சுன்னா, அவதான் காரணம்னு ஆயிடும். அவளைத் தனியறைக்கு மாத்திடலாம். உங்க மேல எந்தத் தப்பும் இல்லைன்னு நானே எழுதிடுறேன். பத்தாம் வகுப்பும் உங்களுக்கே.”

“பச்சையாகலேன்னா?”

அவர் மடிக்கணினியை மூடினார். “ஆகலைன்னா, குறை சொல்லிக்கொடுக்கிற இடத்துல இருக்குன்னு அர்த்தம் டீச்சர். அந்தப் பொண்ணை மாத்த எனக்குக் காரணம் இருக்காது. உங்களைத்தான் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அப்படி ஆகாது. பச்சைதான் ஆகும், எனக்குத் தெரியும்.”

கடைசி மணி அடித்ததும் டீச்சர் வகுப்புத் தலைவி ஷமீமாவை நிறுத்திக்கொண்டார். கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. அவளுக்கே வருடம் முழுவதும் சிவப்பு.

“நேத்து போட்ட கணக்கு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும் டீச்சர்.”

“அப்புறம் ஏம்மா உனக்குச் சிவப்பு?”

ஷமீமா டீச்சரை ஒரு மாதிரி பார்த்தாள். தெரிந்துகொண்டே கேட்கிறாரோ என்று நினைத்திருப்பாள். “ராஜகனிக்கு இன்னும் வரலையே டீச்சர்.”

“திரையில உன்னைப் பத்தித்தானே கேக்குது?”

“புரிந்ததான்னு கேக்குது.”

“ஆமா. உனக்கு.”

“நம்ம க்ளாஸ்ல அப்படிக் கேக்க மாட்டீங்களே டீச்சர்” என்றாள் ஷமீமா. “புரிஞ்சுதான்னு கேட்டா நான் பக்கத்துல உள்ளவளத்தான் பாப்பேன். எல்லாரும் அப்படித்தான் பாப்பாங்க. அவளுக்கு வரலேன்னா எனக்கும் மனசு உக்கார மாட்டேங்கு. விரலை நான் என்ன பண்ண?”

டீச்சர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கருவி பொய் சொல்லவே இல்லை. மனதுக்குள் ஒரு கேள்வி முடியாமல் நின்றால் சிவப்பு என்று நந்தகோபால் சொன்னது அப்படியே உண்மை. இந்தப் பிள்ளைகளுக்குள் நிற்பது யாருடைய கேள்வி என்று மட்டும் அதைச் செய்தவர்களுக்குத் தெரியாது. ராஜகனி பக்கத்தில் இரண்டு பேர், அந்த இரண்டு பேர் பக்கத்தில் வேறு இரண்டு பேர். ஒருத்திக்கு ஆகாத சமாதானம் கடைசி பெஞ்சு வரைக்கும் போய் நின்றது.

“நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா டீச்சர்?”

“இல்லம்மா. நீ வீட்டுக்குப் போ.”

அவள் போனதும் டீச்சர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். வருடம் முழுக்க எந்தச் சுவரைப் பார்க்கக் கூசினாரோ, அது முழுக்கத் தன் பிள்ளைகள் என்று தோன்றியது. சந்தோஷத்தில் அழ வேண்டும் போல இருந்தது, அழுதார்.

சவரிமுத்துவிடம் மட்டும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இதுல என்ன டீச்சர் இருக்கு? காலையில பிள்ளைங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. இன்னைக்கு ஒருநாள் அவங்கவங்க அவங்கவங்களைப் பாருங்கன்னு. பச்சையாயிரும்.”

“பச்சையானா ராஜகனி ஷெட்டுக்குப் போவா சார்.”

“சரி, அப்ப நந்தகோபால் கிட்ட உள்ளதைச் சொல்லிருவோம்.”

“சொன்னா என்ன சொல்வாரு? இந்தப் பழக்கத்தை நிறுத்துங்கம்பாரு. அவளை ஒரு மாசம் எடுத்துட்டா பிள்ளைங்க தானா மறந்துருவாங்கம்பாரு. அதுவும் நடந்தாலும் நடக்கும்.”

“அப்ப சிவப்பாவே இருக்கட்டும்ங்கீங்களா? பத்தாம் வகுப்பு உங்க கையை விட்டுப் போயிரும் டீச்சர். பேரும் போயிரும்.”

டீச்சருக்கு அதை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாளைக்கு ராஜகனி வகுப்பில் இருக்க மாட்டாள். அவள் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் யாரைப் பார்ப்பார்கள்? மிச்சம் உள்ள எல்லோரும் சட்டென்று பிடித்துக்கொள்கிறவர்கள். ஐந்து நிமிடத்தில் பச்சையாகிவிடலாம். அப்படி ஆனால் அவர் நல்ல ஆசிரியர் என்று நிரூபணமாகிவிடும். ராஜகனி போய்விடுவாள்.

மறுநாள் காலை நந்தகோபால் கடைசி பெஞ்சில், பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக உட்கார்ந்தார். தானும் ஒரு சோப்பைக் கையில் வைத்துக்கொண்டார். சவரிமுத்து வாசல் ஓரம் நின்றார். ராஜகனியைக் கூப்பிட்டு வெளியே, இப்போது சைக்கிள் நிறுத்துகிற வெட்டவெளியில் இருக்கச் சொன்னார்கள். “எதுக்கு டீச்சர்?” என்றாள். “கொஞ்ச நேரம்மா” என்றார் டீச்சர். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வகுப்பு மொத்தமும் அவள் போன வாசலைப் பார்த்தது. திரையில் அவளுடைய வட்டம் அணைந்துவிட்டது.

பாடம் நிகழ்தகவு. டீச்சர் சாக்பீஸை எடுத்ததும் ஒரு யோசனை எட்டிப் பார்த்தது. கொஞ்சம் குழப்பிச் சொன்னால் போதும். இரண்டு இடத்தில் வேண்டுமென்றே தடுமாறினால் சுவர் சிவப்பாகவே இருக்கும், ராஜகனி இங்கேயே இருப்பாள், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் முப்பது முகம் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மோசமாகப் பாடம் நடத்த அவருக்கு வாய் வரவில்லை. அது அவருடைய திமிர் என்றால் திமிர்தான்.

கைப்பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்தார்.

அன்றைக்கு அவர் நடத்திய பாடத்தை அந்தப் பள்ளியில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. காசு ஒவ்வொரு கையாகப் போனது. கிரிக்கெட்டில் டாஸ் தோற்றே கெட்டுப்போன அணியின் கதை வந்தது. குலுக்குச் சீட்டு நடத்திய தன் பெரியப்பா ஊரை விட்டு ஓடிய கதையும் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், கரும்பலகைக்கு வந்து எழுதினார்கள். நாலு தடவை தொடர்ந்து தலை விழுந்தால் அஞ்சாவது தடவை என்ன வாய்ப்பு என்று திரையில் கேள்வி வந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் சரிபாதி என்று சரியாக அழுத்தினார்கள்.

டீச்சர் சுவரைப் பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தார்.

சிவப்பு. ஷமீமா சிவப்பு, இன்பராஜ் சிவப்பு, அவனோடு எப்போதும் மல்லுக்கு நிற்கிற கௌசல்யா சிவப்பு. முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒரு மஞ்சள்கூடக் கிடையாது. கடைசியில் ஓரமாக ஒரே ஒரு பச்சை எரிந்தது. அது நந்தகோபால்.

அவர் எழுந்து முன்னால் வந்தார். “டீச்சர், சத்தியமாச் சொல்றேன், நான் காலேஜ்ல படிச்சப்பகூட இது எனக்கு இவ்வளவு தெளிவா விளங்கினதில்லை. எனக்கே பச்சை.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இவங்களுக்கு என்ன குறை? இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போமா?”

பார்த்தார்கள். அவர் தன் பங்குக்கு இரண்டு கேள்வி கேட்டார். இன்பராஜ் எழுந்து டீச்சரை விட அழகாகப் பதில் சொன்னான். சொல்லும்போதே அவன் கண் சன்னல் பக்கம் போயிற்று. விளக்கு மாறவில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எதற்காக வெளியே அனுப்பினார்கள், திரும்ப வருவாளா, இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அங்கே யாருக்கும் முடியவில்லை. டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் அதை அவரால் படிக்க முடிந்தது.

“அந்தப் பொண்ணு காரணம் இல்லை போல” என்றார் நந்தகோபால், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. “அவ இல்லாமலும் அதே நிலைமைதான். என் கணக்குதான் தப்பு.”

வாசலில் நின்ற சவரிமுத்து தொண்டையைச் செருமினார். “சார், அது என்னன்னா, இந்தப் பிள்ளைங்க வந்து...”

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். சவரிமுத்து அங்கே ஆசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து அறிந்த பார்வை. வாயை மூடிக்கொண்டார்.

“குறை என் கிட்டத்தான் இருக்கணும் சார்” என்றார் செண்பகவல்லி. “நான் சொல்லிக்கொடுத்த விதம்தான் இது.”

“நீங்க அப்படிச் சொல்லிக்காதீங்க டீச்சர். இவ்வளவு நல்லா நடத்தினீங்களே.”

“இல்ல சார். வேற யாரும் காரணம் இல்ல. அப்படியே எழுதிக்கோங்க.”

நந்தகோபாலுக்கு மனசே இல்லை. ஆனால் விதி விதிதான். சித்திரையில் பயிற்சி ஆரம்பம், மதுரையில் தங்கிப் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஜெயசீலன் சாருக்கு. அவர் வருத்தப்பட்டுக்கொண்டே சொல்ல, டீச்சர் தலையை நிமிர்த்தியபடி கேட்டுக்கொண்டார். பத்தாம் வகுப்பு என்ற இடத்தில் மட்டும் ஒருமுறை பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெயசீலன் சாரின் பச்சை வகுப்பில் போய் இந்தப் பிள்ளைகள் உட்காரப்போவதை நினைத்தார். சார் பாவம் என்று தோன்றியது, சிரிப்பும் வந்தது.

நந்தகோபால் கைப்பேசியில் மையத்தைக் கூப்பிட்டுக்கொண்டே வராந்தாவுக்குப் போனார். சவரிமுத்து போய் ராஜகனியை அழைத்து வந்தார். அவள் வெயிலில் கறுத்துப்போய், வாசலில் வந்து நின்று “டீச்சர், உள்ள வரலாமா?” என்றாள்.

“வாம்மா.”

அவள் உள்ளே காலை வைத்தாள். ஷமீமாவின் விளக்கு பச்சையானது. பிறகு இன்பராஜ், பிறகு கௌசல்யா. ராஜகனி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போகப் போகச் சுவர் முழுக்கப் பச்சை படர்ந்தது. யாரும் ஒரு கணக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த வருடம் இத்தனை பளீரென்று அது எரிந்ததில்லை. வாசலில் நின்ற சவரிமுத்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். டீச்சர் வராந்தாவைப் பார்த்தார். நந்தகோபால் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

ராஜகனி தன் இடத்தில் உட்கார்ந்து சோப்பை எடுத்துக் கட்டைவிரலை வைத்தாள். அணைந்திருந்த அவளுடைய வட்டம் எரிந்தது. சிவப்பு.

“டீச்சர், நீங்க நடத்துனது சன்னல் வழியாக் கேட்டுச்சு. ஒண்ணும் வெளங்கல” என்றாள். “நாலு தடவை தலையே விழுந்துட்டு, அஞ்சாவதும் சரிபாதின்னா எப்படி? முன்னால விழுந்ததுக்கெல்லாம் கணக்கே இல்லையா?”

ஷமீமா பெருமூச்சு விட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். அவளுடைய விளக்கு சிவந்தது. அடுத்த பெஞ்சு சிவந்தது. அதற்கடுத்ததும். நந்தகோபால் பெஞ்சில் விட்டுப்போன பையை எடுக்க உள்ளே வந்தபோது சுவர் பழையபடி முழுச் சிவப்பாக இருந்தது.

“பாருங்க டீச்சர், அந்தப் பொண்ணு வந்தும் எந்த வித்தியாசமும் இல்லை” என்றார். “அதே சிவப்புதான்.”

“ஆமா சார்” என்றார் செண்பகவல்லி. “அதே சிவப்புதான்.”

நந்தகோபால் போன பிறகும் டீச்சர் கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். மாவட்டத்திலேயே கடைசி வகுப்பு. என் வகுப்பு, என்று நினைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைந்து போயிருந்தது. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, ஐந்து ரூபாய்க் காசை எடுத்து ராஜகனியின் கையில் கொடுத்தார்.

“போட்டுப் பாரு” என்றார். “முதல்ல இருந்து வருவோம்.”